கரட்டுக்காட்டுப் படம்

திருச்செங்கோடு
14.09.2024

அன்புள்ள மாப்பிள்ளை நாச்சிமுத்துவுக்கு,

மச்சான் அர்த்தனாரி எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அங்கே ராய்ச்சூரில் உங்கள் காதும் தங்கச்சி பாவாயியின் முழங்காலும் எப்படி இருக்கின்றன என்று எழுதுங்கள். போர்வெல் ரிக் வண்டியில் கம்ப்ரசர் பக்கத்தில் இருபத்திரண்டு வருசம் நின்ற காதுக்குப் போனில் பேசிப் பிரயோசனமில்லை. செல்லில் எழுத்தடித்தால் நாலு வரிக்கு மேல் என் விரல் ஒத்துழைப்பதில்லை. நீங்கள் மத்தியப் பிரதேசத்தில் போர் போட்டுக்கொண்டிருந்த காலத்திலிருந்தே நமக்குக் காகிதம்தான் தோது.

போன மாதம் எனக்கு ஒரு கேடு வந்தது. போர்க்குழிக்குள் கேமரா விட்டு எடுத்த படங்களை ஒன்பது ஹார்டு டிஸ்க்கில் போட்டு பீரோவில் வைத்திருந்தேன் இல்லையா, அதில் ஒன்று படுத்துக்கொண்டது. 2011, 2012 இரண்டு வருசத்துக் குழிகளும் அதோடு போயின. ஈரோட்டில் ஒருவரிடம் கொடுத்துப் பார்த்தேன், அவரும் கையை விரித்துவிட்டார். அதே வாரம் எலச்சிபாளையத்திலிருந்து ஒருவர், மோட்டார் குழிக்குள் சிக்கிக்கொண்டது, பழைய படத்தைப் பார்த்தால் எந்த அடியில் பாறை துருத்துகிறது என்று தெரியும் என்று கேட்டு வந்தார். அவர் படம் 2012. பதினாறு வருசத் தொழிலில் முதல் தடவையாக ஒருவரைப் படம் இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

ரஞ்சிதா கோயமுத்தூரிலிருந்து வந்தபோது இதைச் சொன்னேன். அவள் கம்பெனியில் பழைய கணக்கு வழக்கையெல்லாம் கிளவுடில் ஏற்றி வைப்பார்களாம். அதிலேயே அடிக்கடி எடுக்காத சாமானுக்கென்று ஒரு மலிவான கிடங்கு இருக்கிறதாம். மாச வாடகை ரெண்டு டீக்காசு கூட வராது என்கிறாள். "அப்பா, இதுல வெக்கறது சல்லிசு, எடுக்கறதுதான் செலவு. கேட்டா ஒடனே வராது, ரெண்டு நாள் ஆவும்" என்றாள். "அவசரத்துக்கு ஒதவாத பொருளு எனக்கு எதுக்கு சாமி" என்றேன். "பத்து வருசத்துக்கு ஒருக்கா கேக்கறதுக்கு என்னப்பா அவசரம்" என்று என் வாயை அடைத்துவிட்டாள்.

ஆனால் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். உள்ளே போனபின் பெயர் மட்டும்தான் தெரியும், திறந்து பார்க்க முடியாது. அதனால் ஒவ்வொரு படத்தையும் ஓட்டிப் பார்த்து, காடு தோட்டத்தின் பெயர், ஊர், தேதி எல்லாம் சரிதானா என்று பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். ஆள் பெயரை வைத்தால் நம் பக்கம் ராமாயி என்று முப்பது பேர் வருவார்கள். காட்டுப் பெயர் என்றால் குழப்பமில்லை. ஆறாயிரம் குழி இருக்கிறது. தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து முப்பது நாற்பது பார்க்கிறேன். 2017க்கு இன்னும் வரவில்லை.

பாவாயி எங்கள் வீட்டுக்கு வந்து ஏழு ஆடி ஆகிவிட்டது. உங்கள் நிலமான கரட்டுக்காட்டை விற்ற வருத்தத்தில் இந்தப் பக்கம் வர உங்களுக்கு மனசில்லை என்று நானே ஒரு காரணம் வைத்திருக்கிறேன். அது போதவில்லை மாப்பிள்ளை. மைதிலிக்கு வரன் பார்ப்பதாகக் கேள்விப்பட்டேன். தாய்மாமன் அதை அடுத்தவர் வாயால் கேட்கலாமா என்று வீட்டில் ராஜம்மாள் என்னைக் குத்திக்கொண்டே இருக்கிறாள். நீங்கள்தான் பதில் எழுத வேண்டும்.

பாசமுள்ள மச்சான்,
அர்த்தனாரி


ராய்ச்சூர்
30.09.2024

அன்புள்ள மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. இடது காது முழுசாகப் போய்விட்டது. வலது காதில் லாரி ஹாரன் மட்டும் கேட்கிறது. பாவாயி திட்டுவது கேட்காததால் வீட்டில் சண்டை குறைவு. அவள் முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாள். ரிக் ஏஜென்ட் ஆபீஸில் எனக்கு நாற்காலி வேலைதான், கஷ்டமில்லை.

ரஞ்சிதா கெட்டிக்காரி. ஆனால் தேவைப்பட்டவனுக்குத் தேவைப்பட்ட அன்றைக்கு உதவாத படத்தைப் பத்து வருசம் பத்திரப்படுத்தி என்ன செய்யப் போகிறீர்கள் என்றுதான் எனக்குப் புரியவில்லை. கரட்டுக்காட்டுப் படம் அதில் இருந்தால் அழித்துவிடுங்கள். காடு இன்னொருவர் கையில் இருக்கிறது. அதன் வயிற்றில் என்ன இருந்தது என்ற படத்தை வைத்து நான் என்ன செய்ய.

மைதிலிக்கு இடம் அமைந்துவிட்டது. பையன் ராசிபுரம், கால்நடை டாக்டர். தை இருபத்தேழு ஞாயிற்றுக்கிழமை திருச்செங்கோட்டில் முகூர்த்தம். பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட நானே எழுதிவிடுவது நல்லது. தாய்மாமன் முறைக்கு மைதிலி நெற்றியில் பட்டம் கட்ட உங்கள் பெரியப்பா மகன் ஒத்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் தொழில் தொழில் என்று அலைகிறவர், உங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று நினைத்தேன். குடும்பத்தோடு வந்திருந்து சாப்பிட்டுப் போக வேண்டும்.

நாச்சிமுத்து


திருச்செங்கோடு
12.10.2024

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை ராஜம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். "கூடப்பொறந்த தங்கச்சி புள்ளைக்குப் பட்டங்கட்டப் பங்காளி வாராருன்னா, நீங்க யாருங்க அப்ப?" என்று கேட்டாள்.

மைதிலிக்கு என் மடியில் வைத்துத்தான் முதல் மொட்டை போட்டோம், காது குத்தினோம். அதற்கெல்லாம் நான் தொழிலை விட்டுவிட்டுத்தான் வந்தேன். காரணம் கேட்க மாட்டேன். கல்யாணத்துக்கு வருவேன். பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற அளவுக்கு எனக்கு மனசு கெட்டியில்லை, ஆசீர்வாதம் பண்ணிவிட்டு வந்துவிடுவேன்.

கரட்டுக்காட்டுப் படத்தை அழிக்கச் சொன்னீர்கள். அது ஏற்கெனவே மேலே கிளவுடுக்குப் போய்விட்டது. ஆறு மாதத்துக்குள் அழித்தாலும் ஆறு மாத வாடகை கொடுத்தே ஆக வேண்டும் என்பது அவர்கள் சட்டம். இருந்துவிட்டுப் போகட்டும். யாரும் திறக்கப் போவதில்லை.

அர்த்தனாரி


திருச்செங்கோடு
20.11.2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இந்தக் கடிதத்தைத் தனியாக உட்கார்ந்து படியுங்கள். பாவாயியிடம் சொல்வதா வேண்டாமா என்பதைப் பிறகு முடிவு செய்துகொள்ளுங்கள். இதோடு ஒரு பென் டிரைவ் வைத்திருக்கிறேன். அதில் இரண்டு படம் இருக்கிறது.

போன கடிதத்தில் உங்கள் குழியின் படம் மேலே போய்விட்டது என்று எழுதினேன். அது உண்மை. அதை எப்படி அனுப்பினேன் என்பதை மறைத்துவிட்டேன்.

2017 ஏப்ரல் 21, வெள்ளிக்கிழமை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உங்கள் போரில் தண்ணீர் நின்று ஒரு மாதம் ஆகியிருந்தது. மோட்டார் ஐநூறு அடியில் இருந்தது. அதற்குக் கீழே ஏதாவது ஊற்று இருந்தால் இறக்கிக் கட்டலாம், இல்லாவிட்டால் காட்டை விற்பது என்று முடிவு பண்ணி வைத்திருந்தீர்கள். அன்றைக்கு நீங்கள் பாங்க் வேலையாக நாமக்கல் போயிருந்தீர்கள். எனக்கு அன்று இரண்டு குழி. காலையில் வண்டி ஏறும்போதே நோட்டில் முதலில் கரட்டுக்காடு, அடுத்து ஆட்டையாம்பட்டிப் பக்கம் செல்லியம்மாள் தோட்டம் என்று எழுதிக்கொண்டேன். கரட்டுக்காட்டுக்குப் பத்தரைக்கு வந்து சேர்ந்தேன். பாவாயி ஓடிவந்து, "ராகு காலத்துல கேமரா எறக்க வேண்டாங்ண்ணா, அங்க முடிச்சுப்போட்டு வாங்க" என்றாள். சரியென்று செல்லியம்மாள் தோட்டத்தை முடித்துவிட்டு மத்தியானம் ஒரு மணிக்கு உங்கள் குழிக்குத் திரும்பி வந்தேன்.

அன்றைக்கென்று பார்த்து வண்டியில் இருந்த டிவி எரிந்துபோயிருந்தது. படம் பதிவாகிறது, ஆனால் கண்ணால் பார்க்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு குழியிலும் குருடன்போல எழுநூறு அடிக் கம்பியை இறக்கி ஏற்றினேன். சாயங்காலம் கம்ப்யூட்டரில் போட்டபோது நோட்டைப் பார்த்து, முதல் படத்துக்குக் கரட்டுக்காடு என்றும் இரண்டாவதற்குச் செல்லியம்மாள் என்றும் பெயர் வைத்தேன். ராகு காலத்துக்காக வரிசை மாறியது என் புத்தியில் ஏறவில்லை. நோட்டில் இருப்பதைத்தான் கை செய்தது.

அக்டோபர் முதல் வாரம் 2017க்கு வந்தேன். செல்லியம்மாள் தோட்டம் என்ற படத்தை ஓட்டினேன். கேமரா குழி வாயில் தொங்குகிறபோதே பதிவு தொடங்கிவிடும். அப்போது இந்தத் தொடக்கத்தைத் தள்ளிவிட்டு அடியாழத்தை மட்டும்தான் பார்த்திருந்தேன். ஒரு கை வந்து கேசிங் பைப்பில் மஞ்சள் வைத்தது. மணிக்கட்டில் தேள் உருவத்தில் பச்சை. பத்து வயதில் சந்தையில் அவளை நான் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, கதறக் கதறக் குத்தியது அது. என் தங்கச்சி கையை எனக்குத் தெரியாதா. மேலே ஓட்டினேன். அறுநூற்றுப் பத்து அடியில் இடது பக்க வெடிப்பிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. கேமரா கண்ணாடியில் அடித்துப் படமே மங்குகிறது.

உங்கள் காட்டில் தண்ணீர் இருந்தது மாப்பிள்ளை. பாறை காய்ந்து கிடக்கிறது என்று நான் உங்களிடம் காட்டிய படம் செல்லியம்மாளுடையது.

அன்று மத்தியானம்தான் உங்கள் கடிதம் கையில் கிடைத்தது, அழித்துவிடுங்கள் என்று. எனக்குப் புத்தி எப்படிப் போயிற்று பாருங்கள். பெயரைத் திருத்தாமல், தப்புப் பெயரோடேயே இரண்டையும் மேலே ஏற்றினேன். டிஸ்க்கில் இருந்ததை அழித்தேன். பெயர் ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று. யார் திறந்து பார்க்கப் போகிறார்கள். காசு கொடுத்து, இரண்டு நாள் காத்திருந்து, பழைய காய்ந்த குழியைப் பார்க்க யாருக்குத் தலையெழுத்து. பட்டம் கட்டக்கூட வேண்டாம் என்று ஒதுக்கிய மனுசனுக்கு நான் ஏன் சொல்ல வேண்டும் என்று ஒரு வீம்பும் சேர்ந்துகொண்டது.

அதற்குப் பிறகு என்னால் தொழில் பார்க்க முடியவில்லை. போன வாரம் ஓமலூர் பக்கம் ஒரு காட்டில் கேமரா விட்டேன். படம் கண்ணெதிரே தெளிவாக ஓடுகிறது. காட்டுக்காரர், "தண்ணி இருக்குதுங்களா?" என்று கேட்டார். மூன்று தடவை இறக்கி ஏற்றினேன். "என்னங்க, கண்ணு தெரியலீங்களா?" என்று கேட்டுவிட்டார். வீட்டுக்கு வந்ததும் ரஞ்சிதாவைப் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோயமுத்தூரிலிருந்தே இரண்டு படத்தையும் எடுக்கக் கேட்டு அனுப்பினாள். நாளை மறுநாள் வரும் என்றாள்.

அந்த இரண்டு நாளில் செல்லியம்மாளைப் போய்ப் பார்த்தேன். அப்போது நான் தண்ணீர் இருக்கிறது என்று சொன்னதை நம்பி அறுநூற்றைம்பது அடிக்குப் பைப் வாங்கி இறக்கியவர் அவர். ஒரு சொட்டு வரவில்லை. ஊற்று திசை மாறிவிட்டது என்று நான் சமாதானம் சொல்லியிருந்தேன். இப்போது நடந்ததைச் சொன்னதும் அவர் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டே கேட்டார்: "இதை எனக்கு எதுக்குங்க சொல்றீங்க? உங்க மனசு ஆறோணும்னா?" இன்னொரு கட்டை இழுத்து மாட்டுக்கு உதறிப் போட்டார். "அந்த வருசம் ஆறு உருப்படி மாட்டை வித்தேன். அது திரும்பி வராது. சொல்லிப்போட்டீங்க, போயிட்டு வாங்க" என்றார். உட்காரச் சொல்லவில்லை. அது நியாயம்தான்.

உங்களிடமும் என் மனசு ஆறுவதற்காகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் ஆசை. அதுவும் முழு உண்மை இல்லை. உங்கள் காடு என் கவனக்குறைவால் போயிற்று. அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். படங்களுக்குச் சரியான பெயர் வைத்து மறுபடி மேலே ஏற்றிவிட்டேன். கல்யாணம் முடிகிற வரைக்கும் நான் கண்ணில் படக்கூடாது என்று நினைத்தால் ஒரு வரி எழுதுங்கள், வர மாட்டேன். ராகு காலம் என்று சொன்னது பாவாயி. அதை மட்டும் அவளிடம் சொல்லாமல் இருக்க முடியுமா என்று பாருங்கள்.

அர்த்தனாரி


ராய்ச்சூர்
08.12.2024

அன்புள்ள மச்சானுக்கு,

மைதிலியின் லேப்டாப்பில் போட்டு மூன்று தடவை பார்த்தேன். அறுநூற்றுப் பத்து அடியில் என் தண்ணீர் கொட்டுகிறது.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒரு நோட்டுப் புத்தகத்து வரிசைக்காகவா என் அப்பன் பாடுபட்ட காடு போக வேண்டும் என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பரவாயில்லை என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. எழுதினால் நீங்களும் நம்ப மாட்டீர்கள்.

ஆனால் தண்ணீர் இருந்தது என்பது எனக்குப் புதுச் செய்தி இல்லை மச்சான். ஏழு வருசமாக எனக்குத் தெரியும்.

கிரயம் முடிந்து ஒரு மாதம் கழித்து, விட்டுவந்த தட்டு வெட்டும் மெஷினை எடுக்கப் போனேன். வாங்கிய கோழிப்பண்ணைக்காரர் என் குழியிலேயே மோட்டாரை அறுநூற்றைம்பதுக்கு இறக்கியிருந்தார். ரெண்டு இஞ்ச் குழாய் நிறையத் தண்ணீர் தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. அதே வாரத்தில் அவருடைய இன்னொரு பண்ணையில் உங்கள் கேமரா வண்டி நின்றதைப் பார்த்தேன். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டேன். அவர் உங்கள் வாடிக்கை. நீங்கள் தண்ணீர் இல்லை என்று சொன்னால் நான் விற்பேன். என்னை விற்க வைக்கத்தான் நீங்கள் வேறு படம் காட்டினீர்கள் என்று நம்பினேன்.

அப்போதே உங்கள் சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நீங்கள் இல்லை என்பீர்கள், நான் நம்ப மாட்டேன், அதோடு பாவாயிக்கு அண்ணன் இல்லாமல் போய்விடும் என்று பயந்தேன். கேட்காமலேயே அதைத்தான் செய்து வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் போனால் காடு கண்ணில் படும், எனக்குத் தாங்காது என்று அவளிடம் சொன்னேன். அவள் நம்பினாள். உங்களைத் துரோகி என்று மனசில் வைத்துக்கொண்டு காகிதத்தில் அன்புள்ள மச்சான் என்று எழுதிக்கொண்டிருந்தேன். உங்கள் கையை என் மகள் நெற்றியில் படவிடக்கூடாது என்றுதான் பெரியப்பா மகனைக் கேட்டேன்.

துரோகம் பண்ணினவர் ஏழு வருசம் கழித்து, யாரும் கேட்காதபோது, தனக்கெதிராகத் தானே சாட்சியைத் தோண்டி எடுத்து அனுப்ப மாட்டார். இது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. உங்கள் மேல் இருந்த கோபத்தில் பாதி தீர்ந்துவிட்டது. மீதி என் மேல் திரும்பியிருக்கிறது.

பாவாயியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்கிற வேலை இனி என்னால் ஆகாது. ராகு காலம் என்ற இடத்தில் அழுதாள். நான் உங்களைச் சந்தேகப்பட்ட இடத்துக்கு வந்ததும் அழுகையை நிறுத்திவிட்டாள். என்னிடம் எது சொன்னாலும் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துகிறவள், அன்று கத்தவில்லை. காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தாள். அதை அப்படியே எழுதுகிறேன்:

"உங்க மனசு தாங்காதுன்னுதான் ஏழு வருசம் எங்கண்ணன் ஊட்டுக்குப் போகாம இருந்தேன். எங்கண்ணனைத் திருடன்னு நெனச்சுட்டுத்தான் வேண்டாம்னீங்கன்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே பஸ் ஏறியிருப்பேன். இப்பப் போறேன். கல்யாணம் வரைக்கும் அங்கதான் இருப்பேன். நானும் வாரேன்னு நீங்க கெளம்ப வேண்டாம். எங்கண்ணன் கூப்பிட்டா வாங்க."

நாளைக் காலையில் கிளம்புகிறாள். இந்தக் கடிதத்தை அவள் கையில்தான் கொடுத்து அனுப்புகிறேன். உறையை ஒட்டவில்லை, அவளும் படிக்கட்டும்.

பத்திரிகை இன்னும் அச்சுக்குப் போகவில்லை. தாய்மாமன் என்ற இடத்தில் உங்கள் பெயரை எழுதிவிட்டேன். பெரியப்பா மகனிடம் நானே பேசிக்கொள்கிறேன். அதற்காக நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்று இல்லை, அது உங்கள் முறை, நான் பிடுங்கி வைத்திருந்ததைத் திருப்பிக் கொடுக்கிறேன், அவ்வளவுதான்.

எனக்கென்று கேட்பது ஒன்றுதான். உங்களுக்கு எப்போது மனசு வருகிறதோ அப்போது என்னைக் கூப்பிடுங்கள் மச்சான். என் மகள் கல்யாணமாகவே இருந்தாலும், நீங்கள் கூப்பிடாமல் நான் அந்த ஊரில் கால் வைக்க மாட்டேன்.

நாச்சிமுத்து